நீர்த்துளிக்குள் சுற்றும் ஒளி

பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்கு எதிரே, வெயில் முதுகில் படும்படி நின்று பார்த்திருக்கிறீர்களா? பாறையில் மோதிச் சிதறும் சாரலில் ஒரு சிறு வானவில் தெரியும். நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். அது எப்படி உண்டாகிறது என்று தேர்வில் கேட்டால், "ஒளிக்கதிர் துளிக்குள் நுழைந்து, பின்சுவரில் முழு அக எதிரொளிப்பு அடைந்து, திரும்பி வருகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். சில வழிகாட்டி நூல்களிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. இது சரியன்று. ஏன் சரியன்று என்பதில்தான் இக்கட்டுரையின் பொருளே அடங்கியிருப்பதால் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு தாளில் வட்டம் ஒன்று வரையுங்கள். அதுதான் துளி. வெளியிலிருந்து ஒரு கதிர் அதன் விளிம்பில் பட்டு, விலகி உள்ளே சென்று, எதிர்ச்சுவரில் மோதுவதாக வரையுங்கள். நுழைந்த புள்ளியையும் மோதிய புள்ளியையும் வட்டத்தின் மையத்தோடு சேருங்கள். உங்களுக்கு ஒரு முக்கோணம் கிடைக்கிறது. அதன் இரு பக்கங்கள் வட்டத்தின் ஆரங்கள். எனவே அது இருசமபக்க முக்கோணம். எனவே அடிக்கோணங்கள் சமம். அதாவது, நுழையும்போது ஏற்பட்ட விலகு கோணம் எதுவோ, அதுவே பின்சுவரில் படுகோணம். தண்ணீருக்கு மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 49 பாகை. வெளியிலிருந்து வரும் கதிர் எவ்வளவு சாய்ந்து வந்தாலும் விலகு கோணம் இந்த 49 பாகையைத் தாண்டவே முடியாது. ஆகவே பின்சுவரில் முழு எதிரொளிப்பு நிகழ வழியே இல்லை! வானவில்லைத் தரும் கதிர்கள் 40 பாகையை ஒட்டித்தான் பின்சுவரில் மோதுகின்றன. அங்கே பெரும்பகுதி ஒளி வெளியே போய்விடுகிறது. மிஞ்சிய ஒரு சிறு பகுதியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒளி வெளியிலிருந்து வராமல், துளிக்குள்ளேயே, விளிம்பையொட்டிப் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். அது 60 அல்லது 70 பாகைக் கோணத்தில் சுவரில் மோதினால் முழு அக எதிரொளிப்பு அடையும். அடுத்த மோதலிலும், அதே இருசமபக்க முக்கோணத்தின் காரணமாக, அதே 70 பாகைதான். அதற்கடுத்த மோதலிலும் அதேதான். அந்தக் கதிருக்கு வெளியே போக வாசலே கிடையாது. துளியின் உட்சுவரை ஒட்டி அது சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

கதவில்லாத கூண்டில் சிக்கிய இந்த ஒளியைக் கொண்டு இன்று மிகச் சிறிய லேசர்களைச் செய்கிறார்கள். அந்தக் கதையின் ஒரு முக்கியமான திருப்பத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் நிற்கிறார். ஆனால் அவர் அப்போது ஆராய்ந்தது ஒளியை அன்று, ஒலியை.

லண்டன் கோபுரத்தில் ராமன்

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்துக்கு உள்ளே, உயரத்தில், வட்டமான ஒரு மாடம் உள்ளது. அதன் விட்டம் 30 மீட்டருக்கும் மேல். சுவரருகே வாய் வைத்து ஒருவர் மெல்ல முணுமுணுத்தால், மறுபுறம் சுவரருகே காது வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. இதை 'முணுமுணுக்கும் மாடம்' என்பார்கள்.

இதற்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: குவிந்த கூரையில் ஒலி எதிரொலித்து, நேர் எதிரே உள்ள புள்ளியில் குவிகிறது. வானியலறிஞர் ஏரி இப்படித்தான் கருதினார். ராலே பிரபு இதை ஏற்கவில்லை. நேர் எதிரே மட்டுமல்லாமல் சுவரோரம் எங்கே காது வைத்தாலும் கேட்கிறதே, குவிதல் என்றால் ஒரே இடத்தில்தானே கேட்கவேண்டும் என்பது அவர் கேள்வி. ஒலி சுவரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்கிறது என்றார் அவர். துத்தநாகத் தகடு ஒன்றை அரைவட்டமாக வளைத்து, ஒரு முனையில் கீச்சென்ற ஒலியை எழுப்பி, மறுமுனையில் ஒலிபட்டால் துடிக்கும் சுடர் ஒன்றை வைத்துச் சோதித்தார். தகட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு குறுகிய பட்டையை நிறுத்தினார். சுடரின் துடிப்பு நின்றுவிட்டது! ஒலி ஓரமாகத்தான் போகிறது என்பதற்கு இதைவிட நேர்த்தியான சான்று வேண்டுமா? 1910-இல் இதற்கான முழுக் கணிதத்தையும் அவர் வெளியிட்டார்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்று நான்கு தடித்த அட்டைகளை ஒட்டி நீண்ட பட்டையாக்கி, தரையில் அரைவட்டமாக நிறுத்துங்கள். ஒரு முனையில் டிக் டிக் என்று ஒலிக்கும் கடிகாரம், மறுமுனையில் உங்கள் காது. கடிகாரத்துக்கும் காதுக்கும் இடையே நேராக ஒலி வராமலிருக்கக் கனமான சில புத்தகங்களை நிறுத்துங்கள். பிறகு வளைவின் நடுவே, அட்டையின் உட்பக்கத்தை ஒட்டி ஓர் அடிக்கோலைக் குறுக்கே நிறுத்தியும் எடுத்தும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சி. வி. ராமன், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த இவர் அதற்கு முன்பே வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தவர். செயின்ட் பால் மாடத்தைக் கண்டதும் மற்றவர்களைப் போல முணுமுணுத்துப் பார்த்துவிட்டு அவர் இறங்கிவரவில்லை. சதர்லண்ட் என்பவருடன் சேர்ந்து அங்கேயே அளவீடுகளைத் தொடங்கிவிட்டார். சுவரிலிருந்து மையத்தை நோக்கி நகர்ந்தால் ஒலி படிப்படியாக மங்குகிறதா? இல்லை. மங்கி, மீண்டும் வலுத்து, மீண்டும் மங்குவதைக் கண்டார்கள். சுவரோரமாக நகர்ந்தபோதும் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் தென்பட்டன. ராலேயின் எளிய சித்திரத்தில் இவை இல்லை. இவ்வாய்வு 1922-இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. ஊர் திரும்பிய ராமன் பீஜப்பூர் கோல்கும்பாஸ், பாட்னா தானியக் களஞ்சியம், கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபம் முதலிய நம் நாட்டு மாடங்களையும் ஆராய்ந்து எழுதினார்.

(அதே பயணத்தில் கப்பல் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தனையைத் தூண்டியதும், அது 1928-இல் ராமன் விளைவில் சென்று முடிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதன் புகழ் வெளிச்சத்தில் இந்த மாடத்து ஆராய்ச்சி நம் பாடநூல்களில் இடம்பெறாமல் போனது எனக்கு வருத்தமே.)

ஒலி வலுத்தும் மங்கியும் தோன்றியது எதைக் காட்டுகிறது? சுவரோரம் ஓடுவது வெறும் கதிர் அன்று, அது அலை. ஒரு சுற்றுச் சுற்றி வந்த அலை, தன் வாலைத் தானே சந்திக்கிறது. மேடும் மேடும் பொருந்தினால் வலுக்கும். மேடும் பள்ளமும் சந்தித்தால் அழியும்.

எந்த ஒளி தங்கும்?

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாலும், குடம் நிறையப் போவதை ஒலியைக் கொண்டே சொல்லிவிடலாம். நீர் ஏற ஏறக் குடத்துக்குள் காற்றுக்குள்ள இடம் குறைகிறது. ஒலியின் சுருதி ஏறுகிறது. விழும் நீரின் இரைச்சலில் எல்லாச் சுருதிகளும் கலந்திருக்கின்றன. குடம் தன் அளவுக்கு ஏற்ற சுருதியை மட்டும் பொறுக்கி எடுத்து ஓங்கச் செய்கிறது. இதுவே ஒத்ததிர்வு. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுரம் வைத்திருப்பதும் இதனால்தான். (தூண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். பல தலைமுறைகளாக வாங்கிய அடி போதும்.)

துளிக்குள் சுற்றும் ஒளிக்கும் இதே விதிதான். ஒரு சுற்றின் நீளத்தில் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கவேண்டும். அடங்கினால் அந்த ஒளி தங்கும். இல்லையேல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 19 செ.மீ. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. காற்றில் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளி கண்ணாடிக்குள் 400 நானோமீட்டராகச் சுருங்கும். எனவே வளையலைச் சுற்றி ஏறக்குறைய 4,70,000 அலைகள் அடங்கும். ஓர் அலை கூடுதலாக அடங்கவேண்டுமானால் அலைநீளம் எவ்வளவு குறையவேண்டும்? ஒரு நானோமீட்டரில் 800-இல் ஒரு பங்கு குறைந்தால் போதும். அதாவது, அனுமதிக்கப்பட்ட அலைநீளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. வளையல் எதையும் பொறுக்கி எடுப்பதாகவே தெரியாது.

இனி 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி. நம் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. சுற்றளவு 31.4 மைக்ரோமீட்டர். தண்ணீருக்குள் அதே ஒளியின் அலைநீளம் 450 நானோமீட்டர். இப்போது அடங்குபவை 70 அலைகள் மட்டுமே. 70 அலைகள் அடங்கும் ஒளிக்குக் காற்றில் அலைநீளம் 598 நானோமீட்டர். 71 அடங்குவதற்கு 590. 69 அடங்குவதற்கு 607. இடைவெளி 8 நானோமீட்டருக்கும் மேல்! கூண்டு சிறுத்தால் சுரங்கள் விலகி நிற்கின்றன. உண்மையில் அலை விளிம்பிலிருந்து சற்றே உள்வாங்கி ஓடுவதால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் இடைவெளியின் அளவு இதுதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1984-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில், சாயம் கலந்த நுண்துளிகளைக் காற்றில் விழச் செய்து அவற்றின்மேல் ஒளி பாய்ச்சியபோது, ஒவ்வொரு துளியும் ஒரு லேசராக மாறி, கணக்குச் சொன்ன அலைநீளங்களில் மட்டும் ஒளி வீசியது. சாய மூலக்கூறுகள் துளிக்குள்ளேயே ஒளியைப் பிறப்பிப்பதால் கதவில்லாத கூண்டுக்குள் ஒளியை எப்படி நுழைப்பது என்ற சிக்கலே அங்கு எழவில்லை.

இப்படிச் சுற்றும் ஒளி எவ்வளவு நேரம் தங்கும்? 2003-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் சிலிக்கான் சில்லின்மேல் கண்ணாடியாலான நுண்வளையங்களைச் செய்தார்கள். உளுந்துவடை வடிவம்தான், விளிம்பை லேசரால் உருக்கி வழவழப்பாக்கினார்கள். ஒத்ததிர்வின் தரத்தைக் குறிக்கும் எண் அதில் 10 கோடியைத் தாண்டியது. இதன் பொருளை அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கணக்கிட்டால், ஒளி ஏறக்குறைய 80 நானோவிநாடி உள்ளே தங்குகிறது. அதற்குள் அது ஓடும் தூரம் சுமார் 17 மீட்டர். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வளையமானால் 50,000 சுற்றுகளுக்கு மேல்! நம் நெல்லையப்பர் தேரை நான்கு ரதவீதியும் ஒரு சுற்று இழுத்து நிலைக்குக் கொண்டுவருவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

குளமும் மறுகாலும்

லேசர் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஆற்றல் ஊட்டப்பட்ட அணு ஒன்று தானாகவே ஒளியை உமிழலாம். அது எந்தத் திசையிலும் போகும். இது தன்னிச்சை உமிழ்வு. அல்லது, அவ்வழியே செல்லும் ஒளி அதைத் தட்டி உமிழச் செய்யலாம். அப்போது பிறக்கும் ஒளி, தட்டிய ஒளியின் அச்சு நகலாக, அதே திசையில், அதே தாளத்தில் செல்லும். இந்தத் தூண்டு உமிழ்வை ஐன்ஸ்டைன் 1917-இல் முன்னறிவித்தார். 1960-இல் மெய்மன் முதல் லேசரைச் செய்தார். ஒளியை அங்கும் இங்கும் திருப்பியனுப்பி வளர்க்க ஒரு கூண்டு வேண்டும். வழக்கமான லேசர்களில் இரு கண்ணாடிகள் அந்தக் கூண்டு. நம் துளியிலோ வட்டத்திலோ வளைந்த சுவரே கூண்டு.

ஆனால் எந்த லேசரும் சிறிதளவு மின்சாரம் கொடுத்தவுடனே எரிந்துவிடாது. ஓர் அளவைத் தாண்டவேண்டும். அதன் பெயர் பயன்தொடக்கம். இது ஏன் என்பதை நம் ஊர்க்குளம் ஒன்றே விளக்கிவிடும்.

தாமிரபரணியில் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் வழியாக நயினார்குளத்துக்கு நீர் வருகிறது. கால்வாயில் நீர் விட்டவுடன் குளம் மறுகால் பாய்வதில்லை. முதலில் மட்டம் ஏறவேண்டும். ஏறும்போதே மண் உறிஞ்சுகிறது, வெயில் குடிக்கிறது, திறந்து கிடக்கும் மடைகளில் நீர் போகிறது. இத்தனை இழப்புகளையும் ஈடுகட்டி மட்டம் மறுகால் மேட்டைத் தொட்டபின்தான் நீர் வழிகிறது. அதற்குப் பின் எவ்வளவு நீர் விட்டாலும் மட்டம் ஏறுவதில்லை. கூடுதலாக வரும் நீரெல்லாம் மறுகாலில் போய்விடும். லேசரிலும் இதே நிலைதான். கால்வாய் நீர் என்பது நாம் கொடுக்கும் மின்னோட்டம். குளத்து மட்டம் என்பது ஆற்றல் ஊட்டப்பட்ட எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை. மறுகால் நீர் லேசர் ஒளி. மட்டம் மேட்டைத் தொடும் வரை நாம் கொடுக்கும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாகவும், நாலா திசையிலும் சிதறும் பயனற்ற ஒளியாகவும் வீணாகிறது.

இந்த வீண் செலவு எவ்வளவு என்று கேட்கிறீர்களா? 1962-இல் பிறந்த முதல் குறைகடத்தி லேசர்கள் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த நிலையிலேயே ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் கேட்டன. அதையும் விட்டு விட்டுத்தான் கொடுக்கமுடிந்தது; தொடர்ந்து கொடுத்தால் வெந்துவிடும். அறை வெப்பநிலையில் தொடர்ந்து இயங்கும் லேசர் 1970-இல்தான் லெனின்கிராடிலும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலும் கைகூடியது.

மட்டம் சீக்கிரம் மேட்டைத் தொட என்ன செய்யலாம்? குளத்தைச் சிறிதாக வெட்டலாம். வேண்டாத மடைகளை அடைக்கலாம். நுண்கூண்டு இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. அளவு சிறிது என்பதால் ஆற்றல் ஊட்டவேண்டிய பொருள் கொஞ்சம்தான். அதைவிட முக்கியமானது இரண்டாவது. சாதாரணக் குறைகடத்தி லேசரில் தன்னிச்சையாகப் பிறக்கும் ஒளியில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் நமக்கு வேண்டிய சுரத்தில் சேர்கிறது. மற்றவை எண்ணற்ற வேறு சுரங்களுக்கும் திசைகளுக்கும் போகின்றன. நுண்கூண்டிலோ சுரங்களே சில. எலெக்ட்ரான் ஒளியை உமிழவேண்டுமானால் அந்தச் சிலவற்றுள் ஒன்றில்தான் உமிழவேண்டும். பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேண்டிய இடத்துக்கே வந்து சேரும்படி செய்யலாம். கூண்டு சரியாக அமைந்தால் உமிழ்வின் வேகமே கூடும் என்பதை பர்செல் 1946-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். அணு தன் விருப்பப்படி ஒளியை உமிழ்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. அது இருக்கும் அறையும் அதன் நடத்தையை மாற்றும்!

1992-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மெக்கால் முதலியோர் செய்த நுண்தட்டு லேசரைப் பாருங்கள். 3 முதல் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு. தடிமன் 50 நானோமீட்டர் அளவுக்கு மெல்லியது. கீழே ஒரு குட்டித் தூண் அதைத் தாங்கி நிற்கிறது. காளானைப் போன்ற உருவம். விளிம்பைச் சுற்றிலும் காற்று. இவ்வகைக் குறைகடத்திகளின் ஒளிவிலகல் எண் 3-க்கும் மேல் என்பதால் மாறுநிலைக் கோணம் 20 பாகைக்கும் குறைவு. எனவே ஒளி எளிதில் தப்பமுடியாது. இந்த லேசர் எரிவதற்கு ஊட்டவேண்டியிருந்த ஒளியின் திறன் ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கும் திரவ நைட்ரஜன் குளிர்ச்சி தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

கூண்டுக்குள் இன்னொரு கூண்டு

ஒளிக்குக் கூண்டு கட்டியாயிற்று. எலெக்ட்ரானும் ஓர் அலைதானே, அதற்கும் கூண்டு கட்டினால் என்ன?

குறுக்குத்துறையில் ஆற்றுக்கு இறங்கும் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மணற்சரிவும் இருக்கிறது. சரிவில் நிற்பவர்கள் எந்த உயரத்திலும் நிற்கலாம். நூறு பேர் நூறு உயரத்தில் நிற்பார்கள். படியில் நிற்பவர்கள் படியின் உயரத்தில்தான் நிற்கமுடியும்; இரு படிகளுக்கு இடையே அந்தரத்தில் நிற்கமுடியாது. சாதாரணக் குறைகடத்தித் துண்டு மணற்சரிவைப் போன்றது. அதிலுள்ள எலெக்ட்ரான்கள் பலவகை ஆற்றலுடன் பரவி நிற்கின்றன. வெப்பம் கூடினால் இன்னும் பரவும். நமக்கு வேண்டிய ஒரே அலைநீளத்தை உமிழத் தக்க ஆற்றலில் இருப்பவை அவற்றுள் சிலவே. மற்றவற்றுக்குக் கொடுத்த மின்சாரம் தண்டம்.

குறைகடத்தியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சில நானோமீட்டர் அளவுக்குக் குறுக்கினால் அது படித்துறையாக மாறுகிறது. காரணம், துளிக்குள் ஒளிக்கு நாம் கண்ட அதே விதி. சிறிய இடத்துக்குள் எலெக்ட்ரான் அலை சரியாக அடங்கவேண்டும். அடங்கும் அலைகள் சில. எனவே ஆற்றல் படிகளும் சில. இந்தத் துகளைத்தான் குவாண்டம் புள்ளி என்கிறோம். புள்ளி சிறுக்கச் சிறுக்கப் படிகளின் உயரம் கூடும். உமிழும் ஒளி நீலத்தை நோக்கிச் செல்லும். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள் 2 நானோமீட்டர் அளவில் நீலமாகவும் 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிர்கிறது. இத்தகைய துகள்களைக் கண்டறிந்து செய்து காட்டியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இவற்றை லேசரில் வைத்தால் பயன்தொடக்கம் குறையும், அத்துடன் வெப்பநிலையைப் பொறுத்து அது மாறாமலும் இருக்கும் என்று ஜப்பானியரான அரகாவாவும் சகாக்கியும் 1982-இல் கணித்தார்கள். இந்த இரண்டாவது செய்தி, சித்திரை வெயிலில் வாழும் நமக்கு நன்றாகவே புரியும். சாதாரண லேசர் சூடேறினால் எலெக்ட்ரான்கள் சரிவில் மேலும் பரவும், பயன்தொடக்கம் ஏறும், மின்னோட்டத்தைக் கூட்டவேண்டும், கூட்டினால் மேலும் சூடேறும். அறை வெப்பம் ஓர் எலெக்ட்ரானுக்குத் தரும் ஆற்றல் ஏறக்குறைய 0.025 எலெக்ட்ரான்வோல்ட். குவாண்டம் புள்ளியின் படி உயரம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்குமாறு செய்துவிட்டால், வெப்பத்தால் எலெக்ட்ரானை அடுத்த படிக்குத் தள்ளுவது கடினமாகிறது.

கணிப்பு சரி. செய்வது எப்படி? எந்த ரம்பத்தால் அறுத்தாலும் இவ்வளவு சிறிதாக, விளிம்பு பழுதுபடாமல் அறுக்கமுடியாது. வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. காலியம் ஆர்சனைடு படிகத்தின்மேல் இண்டியம் ஆர்சனைடை அணு அணுவாகப் படியவைத்தார்கள். பின்னதன் அணு இடைவெளி முன்னதைவிட 7 விழுக்காடு பெரிது. சிறிய அறையில் பெரிய பாயை விரித்தால் என்ன ஆகும்? பத்தமடைப் பாயாகவே இருந்தாலும் நடுவில் மேடு தட்டும். அதுபோலவே, ஒன்றரை இரண்டு அணு அடுக்குகள் வரை சமமாகப் படிந்த இண்டியம் ஆர்சனைடு, அதற்குமேல் நெருக்கம் தாங்காமல் தானாகவே குட்டிக் குட்டி மேடுகளாகத் திரண்டது. ஒவ்வொன்றும் 20 நானோமீட்டர் அகலம், சில நானோமீட்டர் உயரம். அவையே குவாண்டம் புள்ளிகள். படிகம் வளர்ப்பவர்கள் முன்பு குறையென்று தவிர்த்துவந்த இந்த மேடுகளைக் கொண்டே, 1994-இல் பெர்லினிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து முதல் குவாண்டம் புள்ளி லேசரை இயக்கினார்கள். 1999-இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் பயன்தொடக்கம், அறை வெப்பநிலையில், சதுர செ.மீ.க்கு 26 ஆம்பியராக இறங்கியது. 1962-இன் ஆயிரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2004-இல் ஃபுஜிட்சு நிறுவனமும் டோக்கியோ பல்கலைக்கழகமும் செய்த லேசர் 20 முதல் 70 செல்சியஸ் வரை மின்னோட்டத்தை மாற்றாமலே விநாடிக்கு 1000 கோடி துடிப்பு வேகத்தில் இயங்கியது.

பிறகு இரு கூண்டுகளையும் ஒன்றுசேர்த்தார்கள். காளான் வடிவத் தகட்டுக்குள் குவாண்டம் புள்ளிகளைப் பதித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இத்தகைய தகட்டுக்குள் இருந்த ஒரே ஒரு புள்ளியைக் கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபோட்டான் மட்டும் வெளிவரும் கருவியையும் செய்து காட்டினார்கள். கோயில் திருவிழாவில் ஒருவர் பின் ஒருவராகவே போகவிடும் சுழல் கம்பிக் கதவைப் பார்த்திருப்பீர்கள், அதுபோன்றது இது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று உங்கள் தாத்தா கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இன்று கணிப்பொறிகளுக்குள் ஒரு சில்லிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி செப்புக் கம்பியில் போகிறது, கம்பி சூடாகிறது, அந்தச் சூட்டைத் தணிக்க மேலும் மின்சாரம் செலவாகிறது. கம்பிக்குப் பதில் ஒளியை அனுப்பவேண்டுமானால், ஒரு சில்லில் நூற்றுக்கணக்கான லேசர்களை வைக்கவேண்டும். ஒவ்வொன்றும் எரியத் தொடங்குவதற்கே மின்சாரத்தைக் குடித்தால் என்ன லாபம்? அதனால்தான் பயன்தொடக்கத்தைக் குறைக்க இத்தனை பாடு.

இன்னொரு பயன், லேசரைச் சேராதது. கூண்டுக்குள் சுற்றும் ஒளியலையின் மெல்லிய வால் ஒன்று சுவருக்கு வெளியேயும், அலைநீளத்தின் அளவுக்குள், நீண்டு நிற்கிறது. அந்த இடத்தில் ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டால், ஒளி சுற்றும் பாதை இம்மியளவு நீண்டதாகிறது. ஒத்ததிர்வின் அலைநீளம் சற்றே நகர்கிறது. பல்லாயிரம் முறை ஒளி அதே இடத்தைக் கடப்பதால் அந்த நகர்வை அளந்துவிடலாம். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நுண் கண்ணாடிக் கோளத்தில் இன்ஃபுளுவன்சா வைரஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுவதை இவ்வாறு கண்டறிந்தார்கள். அந்த வைரஸின் அளவு சுமார் 100 நானோமீட்டர்.

தீராத தொல்லைகளும் உண்டு. தானாகத் திரளும் மேடுகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு படித்துறைக்கும் அடுத்த படித்துறைக்கும் படி உயரம் மாறினால் என்ன ஆகும்? லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து உமிழும் ஒளி 30, 50 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. கூண்டின் சுரத்தோடு பொருந்துபவை மட்டுமே லேசருக்கு உழைக்கின்றன. மற்றவை சும்மா நிற்கின்றன. புள்ளி எங்கே திரளும் என்பதும் நம் கையில் இல்லை. ஒளி விளிம்பில் ஓடும்போது புள்ளி தகட்டின் நடுவில் திரண்டிருந்தால் இரண்டும் சந்திப்பதே இல்லை. அரித்தெடுத்த விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் ஒளி அங்கேயே சிதறிவிடுகிறது. புள்ளிகளைக் குறித்த இடத்தில், குறித்த அளவில் வளர்ப்பது பல ஆய்வுக்கூடங்களில் இன்னும் நடந்துவரும் வேலை.

உங்களுக்கு ஒரு கணக்கு: 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்தட்டு ஒன்று. ஒளிவிலகல் எண் 3 எனக் கொள்ளுங்கள். காற்றில் 1 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி அதன் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. எத்தனை அலைகள் அடங்கும்? அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையே எத்தனை நானோமீட்டர் இருக்கும்? புள்ளிகளின் ஒளி 50 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தால், அதற்குள் எத்தனை சுரங்கள் விழும்?